மெட்டல் ஸ்டட் சுவரில் கனமான கிச்சன் கேபினட்: எதை நம்பி மாட்டுவது?

கழற்றி எடுத்த கேபினட் ஒன்றின் பின்னால் இருந்த சுவரை ஒருமுறை கிட்டத்தில் பார்த்தேன். ஜிப்சம் போர்டில் நான்கு துளைகள். அவற்றில் இரண்டு வட்டமாகவே இல்லை. கீழ்ப்பக்கம் நசுங்கி, வேப்பங்கொட்டை போல நீண்டிருந்தன. மூன்றாவது துளையில் ஸ்க்ரூ இன்னும் இருந்தது. விரலால் பிடித்துச் சுற்றினேன், இரண்டு சுற்றில் கையோடு வந்துவிட்டது. டார்ச் அடித்து உள்ளே பார்த்தால், ஸ்டட்டின், அதாவது போர்டுக்குப் பின்னால் செங்குத்தாக நிற்கும் உலோகச் சட்டத்தின் தகடு ஸ்க்ரூ போன இடத்தில் உதடு மாதிரி வெளியே பிதுங்கிக் கிழிந்திருந்தது. அந்த கேபினட் விழவில்லை. மேல் விளிம்புக்கும் சுவருக்கும் நடுவே மெல்லிய இடைவெளி தெரிந்ததால் சந்தேகப்பட்டு, சாமான்களை இறக்கிவிட்டுக் கழற்றியதில் தப்பித்தது. உள்ளே இருந்ததெல்லாம் பீங்கான். அதற்கு நேர் கீழே நின்றுதான் தினமும் சமைத்துக்கொண்டிருந்தார்கள்.

மெட்டல் ஸ்டட் சுவரில் கனமான கேபினட்டை மாட்ட முடியுமா என்று கேட்டால், தாராளமாக மாட்டலாம். ஆனால் செங்கல் சுவரிலோ மரச்சட்டச் சுவரிலோ மாட்டுவது போல நினைத்து மாட்டக்கூடாது. வழிகள் ஐந்தாறு உண்டு. எல்லாவற்றையும் ஒரே தட்டில் வைத்துப் பேசுகிறவர்கள் நிறைய பேர் இருக்கிறார்கள். அவற்றுக்குள் உள்ள வித்தியாசமோ ரொம்பப் பெரியது.

முதலில் எடையைக் கணக்குப் போடுவோம்

90 செ.மீ. அகலம், 70 செ.மீ. உயரம், 35 செ.மீ. ஆழம் உள்ள ஒரு கேபினட்டை எடுத்துக்கொள்ளுங்கள். 18 மி.மீ. பார்ட்டிகிள் போர்டு சதுர மீட்டருக்குச் சுமார் 12 கிலோ இருக்கும். இரண்டு பக்கம், மேல், கீழ், உள்ளே இரண்டு தட்டு, கதவுகள் எல்லாம் கூட்டினால் 2.3 சதுர மீட்டருக்குக் குறையாது. பின்பலகை, கீல்கள் எல்லாம் சேர்த்தால் வெறும் கேபினட்டே 30 கிலோ. இனி உள்ளே வைப்பது. பெரிய பீங்கான் தட்டு ஒன்று 600, 700 கிராம் வரும். ஒரு டஜன் அடுக்கினால் 8 கிலோ. அப்படி ஐந்தாறு அடுக்கு, டம்ளர், கண்ணாடி ஜாடி என்று வைத்தால் 50 கிலோ சாதாரணமாக ஏறிவிடும். ஆக, சுவர் தாங்கவேண்டியது 80 கிலோ.

இந்த 80 கிலோ இரண்டு விதமாக வேலை செய்கிறது. ஒன்று, நேராகக் கீழ்நோக்கி இழுப்பது. இன்னொன்று, மேல் ஸ்க்ரூக்களைச் சுவரிலிருந்து வெளியே பிடுங்குவது. கேபினட்டின் எடை சுவரை ஒட்டி இல்லை, அதன் ஆழத்தின் நடுவில், சுவரிலிருந்து 17, 18 செ.மீ. தள்ளி இருக்கிறது. அதனால் கேபினட் தன் கீழ் விளிம்பைச் சுவரில் ஊன்றிக்கொண்டு தலையை முன்னால் சாய்க்கப் பார்க்கும். கீழ் விளிம்புக்கும் மேல் ஸ்க்ரூ வரிசைக்கும் 65 செ.மீ. என்றால், பிடுங்கும் விசை 80 × 17.5 ÷ 65, அதாவது ஏறக்குறைய 22 கிலோ.

22 கிலோதானே, நான்கு ஸ்க்ரூ போட்டால் ஆளுக்கு ஐந்தரைதானே என்று தோன்றும். காகிதத்தில் சரி. சுவரில் அப்படிப் பங்கு பிரியாது. சுவர் லேசாக வளைந்திருந்தால் இரண்டு ஸ்க்ரூ மட்டும் இறுகி, மற்ற இரண்டும் சும்மா நிற்கும். கதவை அடித்துச் சாத்தும்போதெல்லாம் தகட்டில் உள்ள துளை கொஞ்சம் கொஞ்சமாகத் தேயும். மேல்தட்டுக்கு எட்டாதவர் கேபினட் விளிம்பைப் பிடித்துத் தொங்கி ஏறுவார். ஒரே ஒரு ஸ்க்ரூ தோற்றால் அதன் பாரம் பக்கத்து ஸ்க்ரூ மேல் ஏறும், பிறகு அதுவும் போகும். அதனால் 80 கிலோவுக்குக் கணக்குப் போட்டு 80 கிலோ தாங்குகிற பிடி போதாது. பல மடங்கு மிச்சம் வேண்டும்.

தகட்டின் தடிமன்தான் விஷயமே

மெட்டல் ஸ்டட் என்பது துத்தநாகம் பூசிய எஃகுத் தகட்டை ஆங்கில 'சி' எழுத்து வடிவில் மடித்தது. போர்டு ஒட்டிக்கொள்ளும் பக்கத்தை முகம் என்று வைத்துக்கொள்வோம். அதன் அகலம் பெரும்பாலும் 32 மி.மீ. பக்கம்தான். இரண்டு முகங்களையும் இணைக்கும் அகலமான தகடு முதுகு. நான்காவது பக்கம் திறந்தே இருக்கும்.

வீட்டுத் தடுப்புச் சுவர்களில் அதிகம் வருவது 25 கேஜ். அதன் தடிமன் அரை மில்லிமீட்டர் கூட இல்லை. 20 கேஜ் என்பது முக்கால் மில்லிமீட்டருக்கு மேல். 16 கேஜ் 1.4 மி.மீ. பக்கம். கேஜ் எண் குறையக் குறையத் தகடு தடிமனாகும். இங்கே ஒரு சிக்கல் இருக்கிறது: '20 கேஜுக்குச் சமம்' என்று விற்கப்படும் ஸ்டட்கள் உண்மையில் 25 கேஜ் அளவே தடிமன் உள்ளவை. உறுதியான எஃகில் செய்து, மடிப்புகளும் வரிகளும் போட்டு, சுவர் வளையாமல் நிற்பதில் 20 கேஜுக்கு ஈடாக்கியிருப்பார்கள். சுவராக நிற்க அது போதும். ஸ்க்ரூ பிடிக்கும் விஷயத்தில் தகடு எத்தனை தடிமனோ அத்தனை பிடிதான். ஆகவே கேஜைக் கேட்காமல், தகட்டின் தடிமன் எத்தனை மில்லிமீட்டர் என்று கேளுங்கள்.

மரச்சட்டத்தில் போகும் ஸ்க்ரூவின் நாற்பது மில்லிமீட்டர் நீளமும் மரத்தைக் கவ்வும். அரை மில்லிமீட்டர் தகட்டில் ஒரு மரை கூட முழுசாகக் கவ்வுவதில்லை. டிரில்லை ஒரு விநாடி கூடுதலாக அழுத்தினால் அந்த ஒரு மரையும் அறுந்து ஸ்க்ரூ சும்மா சுற்ற ஆரம்பித்துவிடும். முதலில் சொன்ன சுவரில் அந்த மூன்றாவது ஸ்க்ரூ அப்படித்தான், மாட்டிய அன்றைக்கே மரை அறுந்திருக்க வேண்டும்.

இடைவெளியும் முக்கியம். ஸ்டட்கள் 400 அல்லது 600 மி.மீ.க்கு ஒன்று என்று நிற்கும். 600 என்றால், 60 செ.மீ. கேபினட்டுக்குப் பின்னால் பெரும்பாலும் ஒரே ஒரு ஸ்டட்தான் வரும். 40 செ.மீ. கேபினட்டுக்கு ஒன்றுமே வராமலும் போகலாம்.

சுவர் இன்னும் மூடவில்லை என்றால்

யோசிக்கவே வேண்டாம். போர்டு அடிக்கும் முன் ஸ்டட்களுக்கு நடுவே பின்தாங்கல் கொடுத்துவிடுங்கள். 18 மி.மீ. பிளைவுட்டை 20 முதல் 30 செ.மீ. உயரத் துண்டுகளாக அறுத்து, ஸ்டட்டுக்கு ஸ்டட் பொருத்தி, முகத்தின் வழியாகவும் முதுகின் வழியாகவும் ஸ்க்ரூ போட்டு இறுக்க வேண்டும். திறந்த பக்கத்தில் ஸ்டட்டின் ஓரம் உள்ளே மடிந்திருக்கும். அது இடித்தால் பிளைவுட்டின் மூலையை வெட்டிக்கொள்ளலாம். கேபினட்டின் மேல் தொங்குசட்டம் (பின்பக்கம் ஸ்க்ரூ போகும் குறுக்குப் பலகை) வரும் உயரத்தில் ஒரு வரிசை, கீழ்ச் சட்டம் வரும் உயரத்தில் ஒரு வரிசை. அவ்வளவுதான். அதற்கப்புறம் மரச் சுவரில் மாட்டுவது போலவே மாட்டலாம், ஸ்டட் எங்கே என்று தேடவும் வேண்டாம்.

சாதாரண மரம் வைக்கக்கூடாது என்று கட்டட விதி இருக்கும் இடங்களில், தீத்தடுப்புச் செய்த மரமோ எஃகுப் பட்டையோ வைப்பார்கள். 15 செ.மீ. அகலப் பட்டையை ஸ்டட் முகங்களின் மேல் கிடையாக ஓட்டி ஸ்க்ரூ அடிப்பது. 1.4 மி.மீ. பட்டை என்றால் ஸ்க்ரூ நன்றாகவே கவ்வும். குறை என்னவென்றால், பட்டையும் ஸ்க்ரூ தலையும் சேர்ந்து போர்டை லேசாகப் புடைக்க வைக்கும். தட்டைத் தலை ஸ்க்ரூ போட்டால் அது குறையும்.

எதை வைத்தாலும், போர்டு அடிக்கும் முன் அளவு நாடாவைச் சுவரில் விரித்துவைத்துப் போட்டோ எடுத்து வையுங்கள். கேபினட் மாட்ட வருகிற ஆளும் சுவர் கட்டிய ஆளும் வேறு வேறாக இருப்பார்கள். எங்கே பலகை இருக்கிறது என்று தெரியாமல், பலகைக்கு இரண்டு விரல் மேலே ஸ்க்ரூ அடித்துவிட்டால் அந்தப் பின்தாங்கல் இருந்தும் இல்லாத மாதிரிதான்.

சுவர் மூடியாகிவிட்டது என்றால்

ஜிப்சம் போர்டை மட்டும் நம்பும் ஆங்கர்களை (துளைக்குள் போய் ஸ்க்ரூவைப் பிடித்துக்கொள்ளும் பிடிகளை) முதலிலேயே ஒதுக்கிவிடுகிறேன். பிளாஸ்டிக் சுருள் ஆங்கரோ, போர்டுக்குப் பின்னால் விரிகிற டாகிளோ எதுவானாலும் பாக்கெட்டின் மேல் பெரிய எடை அச்சடித்திருக்கும். அது பெரும்பாலும் ஒரு தடவை இழுத்து, எந்த எடையில் பெயர்ந்தது என்று பார்த்த எண். பல வருடம் இடைவிடாமல் தொங்கும் பாரத்துக்கான எண் இல்லை. ஜிப்சம் மெத்தென்ற பொருள். தொடர்ந்து பாரம் ஏறினால் மெதுவாக நசுங்கும், ஈரம் பட்டால் இன்னும் சீக்கிரம். சமையலறையில் ஆவிக்குக் குறைவில்லை. படம் மாட்ட, சின்ன அலமாரி மாட்ட இது போதும். தலைக்கு மேல் தொங்கும் 80 கிலோவுக்கு வேண்டாம்.

அடுத்தது, ஸ்டட்டில் நேரடியாக ஸ்க்ரூ. பலரும் செய்வது இதைத்தான், வேகமாக முடிந்துவிடும் என்பதால். தகடு உண்மையாகவே 20 கேஜோ அதைவிடத் தடிமனோ இருந்து, ஒவ்வொரு கேபினட்டுக்கும் குறைந்தது இரண்டு ஸ்டட் கிடைத்தால் நடுத்தர எடைக்கு இது நிற்கும். 25 கேஜில் இதை மட்டும் நம்புவதை நான் ஏற்கமாட்டேன். இதில் கைத்திறனும் ரொம்ப முக்கியம். செல்ஃப் டிரில்லிங் ஸ்க்ரூவை கேபினட் சட்டத்தின் வழியே நேராக அடித்தால், அதன் முனை தகட்டைத் துளைத்துக்கொண்டு ஒரே இடத்தில் சுற்றும்; அதே நேரம் மேலே உள்ள மரை சட்டத்தின் மரத்தைப் பிடித்து ஏறும். விளைவு, கேபினட் சுவரை விட்டுத் தள்ளி வந்துவிடும். அதை இழுக்க இன்னும் முறுக்குவார்கள், தகட்டில் இருந்த மரை அறுந்துபோகும். சட்டத்தில் ஸ்க்ரூ தடையில்லாமல் நுழையும் அளவுக்கு முதலிலேயே துளை போட்டுக்கொண்டால் இந்தத் தொல்லை வராது. இன்னொன்று, ஸ்டட் முகத்தில் முதுகுக்கு அருகே அடியுங்கள். திறந்த பக்கத்தின் ஓரத்தில் அடித்தால் ஸ்க்ரூ தள்ளும்போது முகம் வளைந்து விலகும், பிடியும் குறையும்.

டாகிள் போல்ட்டை ஸ்டட் வழியாகவே போடுவது மூன்றாவது. இதைப் பலர் யோசிப்பதே இல்லை. போர்டையும் ஸ்டட் முகத்தையும் சேர்த்து 13 மி.மீ. துளை போட்டு, உலோகச் சட்டம் கொண்ட டாகிளை உள்ளே விட்டு, அது ஸ்டட்டின் உட்புறத்தில் நெடுக்காகப் படியும்படி இழுத்துப் பிடித்து, 6 மி.மீ. போல்ட்டால் இறுக்குவது. ஸ்க்ரூவின் ஒற்றை மரை தகட்டைக் கவ்வுவதற்குப் பதில், விரல் நீளத்துக்கு ஒரு உலோகக் கட்டை தகட்டின் பின்னால் துளையை அடைத்து நிற்கிறது. பிடுங்கிக்கொண்டு வரவேண்டுமானால் அந்தக் கட்டையே தகட்டைக் கிழித்து வரவேண்டும். 25 கேஜ் சுவரில் இதுதான் மரியாதையான பிடி.

ஆனால் துளை நடுவில் வரவேண்டும். 32 மி.மீ. முகத்தில் 13 மி.மீ. துளை என்றால் இரு பக்கமும் ஒன்பது, பத்து மில்லிமீட்டர்தான் மிச்சம். ஓரத்தைத் தொட்டால் முதுகில் இடித்து டாகிள் உள்ளே போகாது. அந்தத் துளையும் கெட்டது. ஸ்டட்டின் இரு விளிம்புகளையும் மெல்லிய ஆணியால் குத்திப் பார்த்து, நடுவைக் குறித்துக்கொண்ட பிறகே பெரிய டிரில்லை எடுங்கள். சக்திவாய்ந்த சிறு காந்தத்தைச் சுவரில் நகர்த்தினால் போர்டு ஸ்க்ரூக்களின் தலையில் ஒட்டிக்கொள்ளும். மேலும் கீழுமாக மூன்று, நான்கு ஸ்க்ரூவைக் கண்டுபிடித்தால் ஸ்டட் போகும் கோடு கிடைத்துவிடும்.

நான்காவது, கிடைச்சட்டம். முழு வரிசைக்கும் ஒரே நீளமாக எஃகு ரெயிலைச் சுவரில் பதித்து, கேபினட்டின் மேல் மூலைகளில் உள்ள கொக்கிகளை அதில் மாட்டுவது. அல்லது ஒரு பலகையை 45 டிகிரி சாய்வில் நீளவாக்கில் இரண்டாக அறுத்து, ஒரு பாதியைச் சுவரிலும் மறு பாதியை கேபினட்டிலும் வைத்துக் கவ்வவிடுவது. இதில் எனக்குப் பிடித்த விஷயம், கேபினட்டின் அளவுக்கும் ஸ்டட்டின் இடத்துக்கும் உள்ள சண்டை தீர்ந்துவிடுகிறது. 40 செ.மீ. கேபினட்டுக்குப் பின்னால் ஸ்டட் இல்லாவிட்டாலும், அது தொங்கும் ரெயில் இரு பக்கமும் ஸ்டட்டில் இறுகியிருக்கும். பாரம் ஐந்தாறு ஸ்டட்டுக்குப் பகிர்ந்துபோகும். தனி ஆளாக வேலை செய்கிறவருக்கும் வசதி: தூக்கி மாட்டிவிட்டு, அப்புறம் நிதானமாக ரசமட்டம் வைத்துச் சரிசெய்யலாம். ஆனால் ரெயிலை எதால் பிடித்திருக்கிறோம் என்பதைப் பொறுத்துத்தான் அதன் பலம். ஜிப்சம் ஆங்கரில் நிற்கும் ரெயிலுக்கு அந்த ஆங்கரின் பலம்தான். ஸ்டட் வழி டாகிளும் ரெயிலும் சேர்ந்தால் நல்ல ஜோடி.

ஐந்தாவது, சுவரைக் கீறி உள்ளே பலகை வைப்பது. நான் முதலில் பரிந்துரைப்பது இதைத்தான். சுவரை வெட்டுவது என்றதும் எல்லோரும் பயப்படுகிறார்கள். வெட்டப்போகும் இடம் கேபினட்டுக்குப் பின்னால் மறைந்துபோகும் இடம் என்பதை மறந்துவிடுகிறார்கள். பட்டி பார்க்க வேண்டாம், பெயிண்ட் அடிக்க வேண்டாம்.

கேபினட் வரிசையின் எல்லைக்குள், நான்கு பக்கமும் இரண்டு விரல் உள்ளே தள்ளிக் கோடு போட்டு, அந்தப் பகுதியின் ஜிப்சத்தை எடுத்துவிடுங்கள். இரு ஓரமும் ஸ்டட்டின் நடுவில் முடிந்தால் மீதிப் போர்டுக்கும் பிடிமானம் இருக்கும். 12.5 மி.மீ. போர்டு இருந்த இடத்தில் 12 மி.மீ. பிளைவுட் கச்சிதமாக உட்காரும். அதை ஒவ்வொரு ஸ்டட்டிலும் ஒரு சாண் இடைவெளி கூட விடாமல், 10 முதல் 15 செ.மீ.க்கு ஒரு ஸ்க்ரூ என்று அடிக்க வேண்டும். தகட்டில் ஒரு ஸ்க்ரூவின் பிடி பலவீனம் என்று மேலே பார்த்தோம். இங்கே கேபினட்டின் இரண்டு ஸ்க்ரூ சுமக்கவேண்டியதைத் தகட்டில் ஐம்பது, அறுபது ஸ்க்ரூ சேர்ந்து சுமக்கிறது. கேபினட் ஸ்க்ரூவோ மரத்தைக் கவ்வுகிறது, அதுவும் நமக்கு வேண்டிய இடத்தில். இன்னும் கனமான வரிசை என்றால், திறந்த கையோடு ஸ்டட்களுக்கு நடுவே 18 மி.மீ. துண்டுகளையும் பொருத்திவிடலாம். உள்ளே வயர், குழாய் எங்கே ஓடுகிறது என்பதையும் கண்ணாலேயே பார்த்துக்கொள்ளலாம். இந்த ஒரு காரணத்துக்காகவே வெட்டலாம் என்பேன். கண்ணை மூடிக்கொண்டு அடித்த ஸ்க்ரூ வயரின் உறையைக் கிழித்தால், மெட்டல் ஸ்டட் மொத்தமும் மின்சாரம் ஏறி நிற்கக்கூடும்.

வெட்டக்கூடாத இடங்களும் உண்டு. இரண்டு வீடுகளுக்கு நடுவே உள்ள பொதுச் சுவர், தீத்தடுப்புத் தரம் கொடுத்த சுவர், இவற்றில் ஜிப்சம் சும்மா மூடியாக இல்லை. தீ பரவாமல் குறிப்பிட்ட நேரம் தடுப்பதே அதன் வேலை. சத்தத்தை அடக்குவதும் அதுதான். அங்கே போர்டைக் கீறவேண்டாம். வாடகை வீட்டிலும் உரிமையாளர் சம்மதம் இல்லாமல் வேண்டாம்.

சுவரில் தொங்கவே விடாத வழியையும் சொல்லிவிடுகிறேன். பக்கப் பலகைகளை மேடை வரைக்கும் இறக்கி கேபினட்டை அதன்மேல் நிற்கவைக்கலாம். அல்லது தரையில் நிற்கும் உயர அலமாரி வைக்கலாம். பாரம் கீழே போய்விடும், சுவருக்குச் சாயாமல் பிடித்துக்கொள்வது மட்டும்தான் வேலை. மேடையில் இடம் போகும், அதுதான் விலை. சுவர் ஸ்டட் மெலிசு, வெட்டவும் முடியாது, கேபினட்டும் கனம் என்றால் இது நல்ல தேர்வு.

என் தேர்வு எப்படி இருக்கும்

மூடாத சுவர் என்றால் பின்தாங்கல். மூடிய சுவர், வெட்ட அனுமதி உண்டு என்றால் ஜிப்சத்துக்குப் பதில் பிளைவுட். வெட்ட முடியாது என்றால் ரெயில், அதை ஒவ்வொரு ஸ்டட்டிலும் டாகிளால் இறுக்குவது. தடிமனான ஸ்டட், இலகுவான கேபினட் என்றால் மட்டும் நேரடி ஸ்க்ரூ. சந்தேகம் வந்தால் ஒரு படி மேலே போங்கள், கீழே இறங்காதீர்கள். இதோடு, கனமான பீங்கானையும் இரும்புச் சட்டியையும் மேடைக்குக் கீழே உள்ள டிராயருக்கு மாற்றிவிட்டால் மேலே உள்ள பாரம் பாதியாகக் குறையும். சுவரைத் தொடாமலே செய்யக்கூடியது அது.

எந்த வழியானாலும் சில விஷயங்கள் மாறாது. ஜிப்சம் போர்டு அடிக்கும் கறுப்பு ஸ்க்ரூவைக் கேபினட்டுக்குப் போடாதீர்கள். அது கெட்டியாக்கிய எஃகு, பாரத்தில் வளையாமல் பட்டென்று தலை முறியும். கேபினட்டுக்கு என்று அகலத் தலையோடு வரும் ஸ்க்ரூ உண்டு. ஸ்க்ரூ கேபினட்டின் தொங்குசட்டத்தின் வழியாகத்தான் போகவேண்டும். மூன்று மில்லிமீட்டர் பின்பலகையில் அடித்தால், சுவர் எத்தனை பலமாக இருந்தும் கேபினட் தன் பின்பலகையைச் சுவரிலேயே விட்டுவிட்டு இறங்கிவரும். சுவர் குழிந்த இடத்தில் மெல்லிய ஆப்பு வைத்து நிரப்பிய பிறகே இறுக்குங்கள். பக்கத்துப் பக்கத்து கேபினட்களை ஒன்றோடொன்று ஸ்க்ரூவால் பிணைத்துவிட்டால் வரிசை முழுவதும் ஒரே உடம்பாக நிற்கும். கடைசிச் சில சுற்றுகளை மெஷினில் முறுக்காமல் கையால் முறுக்குங்கள். மரை அறுகிறதா என்பது கைக்குத் தெரியும்.

மாட்டி முடித்ததும் வெறும் கேபினட்டாக இருக்கும்போதே, அதன் மேல் விளிம்பை ஒட்டிச் சுவரில் பென்சிலால் ஒரு மெல்லிய கோடு போட்டுவையுங்கள். சாமான் அடுக்கி ஒரு வாரம் கழித்தும், ஒரு மாதம் கழித்தும் ஸ்டூல் போட்டு ஏறிப் பாருங்கள். விளிம்பு கோட்டுக்குக் கீழே இறங்கியிருந்தாலோ, விளிம்புக்கும் சுவருக்கும் நடுவே ஒரு காகிதம் நுழைந்தாலோ, அன்றைக்கே பாத்திரங்களை இறக்கிவிடுங்கள்.